மடியில் வந்த கீரை

கரிசக்காட்டில் கீரையை யாரும் விதைப்பதில்லை. புரட்டாசியில் போட்ட கம்பும் சோளமும் ஐப்பசி மழைக்கு ஒரு சாண் வளரும்போது தொய்யக்கீரையும் பண்ணைக்கீரையும் சாரணத்தியும் கூடவே கிளம்பிவிடும். களையெடுக்கப் போன பெண்கள், கொத்திப்போட்டதில் கொழுந்தாகப் பார்த்துக் கிள்ளி மடியில் கட்டிக்கொள்வார்கள். பொழுது சாய வீட்டுக்கு வந்து மடியை அவிழ்த்தால் மண்ணும் வெட்டுக்கிளியுமாக ஒரு குவியல் பச்சை. காட்டுக்காரர் ஒன்றும் சொல்லமாட்டார். அவருக்குக் களை போனால் சரி. கூலிக் கணக்கில் சேராத இந்தக் கூலியில்தான் கோவில்பட்டியைச் சுற்றியிருக்கும் ஊர்களில் மழைக்காலம் முழுக்க ராத்திரிச் சோற்றுக்கு வெஞ்சனம் ஓடியது.

உடல்நலம், இயற்கை வாழ்வு என்று இப்போது வருகிற பேச்செல்லாம் தட்டிலிருந்து தொடங்குகிறது. எதைச் சாப்பிடலாம், எதை விடலாம், எந்த எண்ணெய், எந்த அரிசி. குடும்பத் தலைவி மனசு வைத்தால் வீடே திருந்திவிடும் என்கிற தொனி அதில் எப்போதும் உண்டு. அந்தத் தொனி எனக்கு ஒத்துவருவதில்லை. கரிசலில் ஒரு வீட்டின் சாப்பாடு அந்த வீட்டு அடுப்படியில் முடிவானதே கிடையாது. காட்டில் என்ன பயிர், அதில் யார் களையெடுத்தார்கள், எடுத்த களை என்ன ஆனது என்பதில் முடிவானது. இன்றைக்கும் அப்படித்தான் முடிவாகிறது. நமக்குத்தான் காடு கண்ணில் படுவதில்லை.

இந்த மண்ணின் தன்மை அப்படி. ஆண்டு மழை 700 மில்லிமீட்டரை ஒட்டி. அதில் பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டித் தீர்த்துவிடும். அதன்பிறகு மாசி வரைக்கும் பயிர் நிற்பது மண் குடித்து வைத்திருக்கிற ஈரத்தில். கோடையில் அதே மண் வெடித்து, கையை விட்டால் முழங்கை வரை போகும். மழை தப்பினால் எல்லாம் தப்பும் என்பதால் சம்சாரி ஒரே வெள்ளாமையை நம்பி இருந்ததில்லை. கம்புக்குள் தட்டாம்பயறு, பருத்திக்குள் உளுந்து, ஓரத்தில் துவரையும் ஆமணக்கும். கோவில்பட்டியில் 1901இலிருந்து இருக்கிற வேளாண் ஆராய்ச்சி நிலையம் நூறு வருஷத்துக்கு மேலாக மானாவாரிப் பருத்தியிலும் சோளத்திலும் பயறிலும் ரகம் ரகமாகத் தேடிக்கொண்டிருப்பது இந்தக் கலப்புக் காட்டுக்குத்தான். கலப்புக்குள் களையும் ஒரு பங்குதாரர். பங்கு சிறியது, ஆனால் தவறாமல் வந்தது.

தொய்யக்கீரையைச் சமைப்பதில் வித்தை ஏதுமில்லை. இலையை ஆய்ந்து, மண் போக அலசி, சட்டியில் சின்ன வெங்காயம், பூண்டு, ஒரு பச்சை மிளகாயோடு வேகவைத்து, உப்புப் போட்டு மத்தால் கடைந்தால் முடிந்தது. வழுவழுப்பும் பச்சை வாடையுமாக இருக்கும். கம்பஞ்சோற்றைக் குழித்து நடுவில் ஊற்றிச் சாப்பிட வேண்டும். நெல்லுச்சோற்றுக்கு அது அவ்வளவாக எடுபடாது. வேலையெல்லாம் அலசுவதில்தான். கரிசல் மண் இலையைப் பிடித்தால் லேசில் விடாது, மூன்று தண்ணீராவது வேண்டும். தண்ணீரோ இந்தப் பக்கத்தில் எப்போதும் எண்ணி எடுக்கிற பொருள். கோவில்பட்டி நகரத்துக்கே குடிதண்ணீர் சீவலப்பேரியிலிருந்து, தாமிரபரணியிலிருந்து, குழாயில் ஏறி வரவேண்டியிருக்கிறது. அதனால் எங்கள் வீட்டில் முதல் அலசல் தண்ணீர் முருங்கைக்குப் போகும். கடைசி அலசல் தண்ணீரில் அடுத்த கை கீரையின் முதல் அலசல் நடக்கும். அரிசி களைந்த தண்ணீரும் வடிகஞ்சியும் மாட்டுத் தொட்டிக்கு. பாத்திரம் விளக்கச் சாம்பலும் தேங்காய் நாரும். இதை யாரும் பசுமை வாழ்க்கை என்று சொல்லிச் செய்யவில்லை. தண்ணீர் இல்லை, சோப்புக்குக் காசில்லை, செய்தார்கள். இல்லாமையைக் கொள்கையாக்கிப் பெருமை பேசுவது சுகமாகத்தான் இருக்கும். குடத்தைத் தூக்கியவர்களிடம் அதைச் சொல்லிப் பாருங்கள்.

கீரைக்கு அடுத்தபடி அதலைக்காய். வெளியூர்க்காரர்கள் பலருக்கு இது தெரியாது. பாகல் குடும்பத்துக் கொடி. தாவரவியலில் மொமோர்டிகா சிம்பலேரியா. கட்டைவிரல் நுனியளவில், வரிவரியாக, இரண்டு பக்கமும் கூம்பின பச்சைக் காய். இதையும் யாரும் விதைப்பதில்லை. மண்ணுக்குள் கிழங்காக இருந்து, வெடித்த கரிசலின் கோடையை முழுசாகத் தூங்கிக் கழித்துவிட்டு, மழை விழுந்ததும் தளிர்விட்டுப் பயிர்மேல் ஏறும். ஐப்பசி தொடங்கி மார்கழி வரை காய்க்கும். பறித்ததை அன்றே சமைத்துவிட வேண்டும். வைத்திருந்தால் பழுத்து வெடித்துவிடும். அதனால் லாரி ஏறித் தூர ஊர்களுக்குப் போகிற சரக்காக அது ஆகவே இல்லை. காம்பையும் நுனியையும் கிள்ளி, வெங்காயத்தோடு எண்ணெயில் சுருள வதக்கினால் கசப்பு பாதி குறையும். மீதிப் பாதிக்காகத்தான் அதைச் சாப்பிடுவது.

இப்போது அதலைக்காய்க்குத் திடீர் மவுசு. சுகருக்கு நல்லதாம். எலிகளை வைத்து நடந்த ஆய்வுகள் சர்க்கரையைக் குறைப்பதாகச் சொல்கின்றன, உண்மைதான். அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிற அளவுக்கு அந்த ஆய்வுகள் வளரவில்லை. ஆனால் தேடுகிற அவசரம் புரிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு 2023இல் வெளியானபோது நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்கு நீரிழிவு, அதாவது பெரியவர்களில் 11.4 சதவீதம், என்றது. கம்பங்கஞ்சி குடித்த ஊர்களிலும் மக்களைத் தேடி மருத்துவத் திட்டத்துப் பெண்கள் மாதாமாதம் மாத்திரை அட்டையோடு தெருத்தெருவாக வருகிறார்கள். கேட்கிற ஆள் கூடக்கூடக் காயின் வரத்து குறைந்துகொண்டே போகிறது. ஏன் என்று கேட்டால் திரும்பவும் காட்டுக்குத்தான் போக வேண்டும்.

இந்த நூற்றாண்டில் கரிசலைப் பிடித்த பயிர் மக்காச்சோளம். எட்டயபுரம், விளாத்திகுளம், புதூர் என்று எந்த ரோட்டில் போனாலும் மழைக்காலத்தில் இரண்டு பக்கமும் அதுதான். சம்சாரியைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. கம்புக்கு வியாபாரி வீடு தேடி வருவதில்லை, மக்காச்சோளத்துக்கு வருகிறார். நாமக்கல் முட்டைக்கோழிக்கும் பல்லடம் கறிக்கோழிக்கும் தீவனம் வேண்டும், எவ்வளவு விளைந்தாலும் போகும். 2018இல் அமெரிக்கப் படைப்புழு வந்து குருத்தைத் தின்று தீர்த்தது. காட்டுப்பன்றி ராத்திரியோடு ராத்திரியாகக் காட்டைச் சாய்க்கிறது. அப்படியும் அடுத்த வருஷம் மக்காச்சோளம்தான்.

அதோடு கூடவே வந்தது அட்ரசின். விதைத்த மூன்றாம் நாள், ஈரத்தின்மேல் அடிக்கிற களைக்கொல்லி. மக்காச்சோளம் புல் இனம். அந்த மருந்தைத் தனக்குள் முறித்துச் செரித்துவிடும். அகன்ற இலைச் செடிகளுக்கு அந்தச் சக்தி இல்லை. வெயிலை வாங்கி உணவாக்குகிற வேலையே அவற்றில் நின்றுபோகும். தொய்யக்கீரை அகன்ற இலை. பண்ணைக்கீரை, சாரணத்தி, அதலை எல்லாமே அகன்ற இலை. ஊடுபயிராகப் போட்ட உளுந்தும் தட்டாம்பயறும்கூட அகன்ற இலைதான், ஆகையால் கலப்புப் பயிர் என்ற பேச்சுக்கே இடமில்லை. நிலத்தடி நீரில் கலக்கிறது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2004இல் இந்த மருந்தை விலக்கிவிட்டது. இங்கே உரக்கடையில் பருப்பு வாங்குவதுபோல் வாங்கலாம். ஒரு டேங்க் மருந்தில் ஊரின் மழைக்கால வெஞ்சனம் மொத்தமும் போனது என்று யாரும் மனு எழுதவில்லை. எழுதினாலும் எந்த இலாகாவுக்கு எழுதுவது? கீரை எந்தப் பயிர்க் கணக்கிலும் இல்லாதது.

களைக்கொல்லி வந்ததில் ஒரு நியாயமும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட்டால் நான் எழுதுவது ஆம்பிளைகளின் ஏக்கமாகப் போய்விடும். நாள் முழுக்கக் குனிந்து களையெடுத்த இடுப்பு யாருடையது? என் அம்மா ஐம்பது வயதுக்கு மேல் நிமிர்ந்து நடந்து நான் பார்க்கவில்லை. தலைக்குமேல் வெயில், காலுக்குக் கீழே ஈரக் கரிசல், கைக்குழந்தை வேப்பமரத்துத் தொட்டிலில். காலையில் ஊருக்குள் வேன் வந்து நின்று தீப்பெட்டி ஆபீசுக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கியபோது, நிழலில் உட்கார்ந்து பார்க்கிற வேலை என்பதற்காகவே பலர் அதில் ஏறினார்கள். பிறகு நூறு நாள் வேலை வந்தது. களையெடுக்க ஆளில்லை என்று சம்சாரி புலம்பியதன் மறுபக்கம் இது.

கம்பும் அப்படித்தான். கம்பைத் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் இடித்து, உமியைப் புடைத்து, மறுபடி இடித்து, மாவும் குருணையுமாகப் பிரித்து, உலையில் போட்டுத் துடுப்பால் கிண்டி இறக்க வேண்டும். ஒரு வாரத்துக்குச் சேர்த்து இடித்து வைக்கலாமே என்றால் முடியாது. கம்பில் எண்ணெய்ச் சத்து அதிகம். இடித்த மாவு சில நாளிலேயே காறல் அடித்துக் கசந்துவிடும். ஆகவே தினமும் உலக்கை. குதிரைவாலி இன்னும் மோசம், தோலுரிப்பதற்குள் தோள்பட்டை கழன்றுவிடும். நெல் இந்தப் போட்டியில் ஜெயித்ததற்கு ருசியும் அந்தஸ்தும் காரணம் என்பார்கள். ஒரு தடவை மில்லில் அரைத்து மூடையாகப் போட்டுவைத்தால் மாதக்கணக்கில் கெடாது என்பதை நான் முதலில் வைப்பேன். 2008 செப்டம்பரில் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011 ஜூனில் விலையில்லாமலே வந்தது. அதற்குள்ளேயே பல வீடுகளில் உரல் தொழுவத்துக்குப் போய்விட்டது. அதன் குழியில் மழைத்தண்ணீர் தேங்கிக் கோழி குடிக்கும்.

விறகும் சேர்த்துத்தான் கணக்குப் பார்க்க வேண்டும். விறகுப் பஞ்சம் தீரட்டும் என்று கொண்டுவந்து தூவிய சீமைக்கருவேலம் கண்மாய்க்குள்ளும் புகுந்து கரையேறிவிட்டது. வெட்டச் சொல்லி 2017இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவு போட வேண்டிவந்தது. அந்த முள்ளை வெட்டிக் கட்டிச் சுமந்து வந்து, கூரைக்குக் கீழே ஊதி ஊதி எரித்த புகை முழுக்கப் பெண்களின் நெஞ்சுக்குள்தான் போனது. மண்சட்டிச் சமையலின் மகிமை பேசுகிற கட்டுரைகளில் இந்தப் புகை வருவதில்லை. கேஸ் அடுப்பு வந்ததைப் போலக் கரிசல் பெண்ணின் உடம்புக்கு நல்லது செய்த இன்னொன்றை யோசித்துப் பார்க்கிறேன், சட்டென்று அகப்படவில்லை.

ஆக, உலக்கை போனது, புகை போனது, குனிந்த முதுகு கொஞ்சம் நிமிர்ந்தது. எல்லாம் நல்லதே. அதே மூச்சில் கம்பும் கீரையும் போயின, அந்த இடத்தில் வெள்ளை அரிசியும் சாம்பாரும் வந்து உட்கார்ந்தன. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் 2017ஆம் ஆண்டு அட்டவணையில் 100 கிராம் கம்பில் ஆறு மில்லிகிராமுக்கு மேல் இரும்புச்சத்து. தீட்டின அரிசியில் ஒரு மில்லிகிராம்கூட இல்லை. 2019–21இல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15 வயதிலிருந்து 49 வயது வரையிலான பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று நேர்கோடு போட முடியாது. கம்பு தின்ற காலத்திலும் கடைசியாகச் சாப்பிட்டு, அடிச்சட்டியை வழித்து முடித்தவள் பெண்தான். ஆனால் வேலை குறைந்த பெண்ணுக்கு ரத்தம் ஏறவில்லை என்பது அந்த எண்ணில் தெரிகிறது.

பிள்ளைகள் விஷயத்தில் அரசாங்கம் கொஞ்சம் முன்யோசனையோடு நடந்தது. காமராஜரின் மதிய உணவுத் திட்டம் 1956இல் தொடங்கியது எட்டயபுரத்தில், இதே கரிசலில்தான். 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2010இல் வாரம் ஐந்து முட்டை என்றானது. அந்த முட்டை நாமக்கல்லிலிருந்து வருகிறது. கோழி தின்றது இங்கே விளைந்த மக்காச்சோளமாகவும் இருக்கலாம். கீரையைக் கொன்ற காடு முட்டையாகத் திரும்பிப் பள்ளிக்கூடத்துத் தட்டில் விழுகிறது என்றால், அதை முழு நஷ்டம் என்று எழுதிவிட முடியுமா? எனக்குத் தயக்கமாக இருக்கிறது. பள்ளிக்கூடம் தாண்டிய பெண்ணுக்குத்தான் முட்டையும் இல்லை, கீரையும் இல்லை.

2023ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. மேடை, கண்காட்சி, கம்பு லட்டு, குதிரைவாலி பிரியாணி. பாக்கெட்டில் வருகிற குதிரைவாலியைக் கையில் கொட்டிப் பாருங்கள். முத்துப்போல் வெள்ளையாக இருக்கும். தவிடு மொத்தமும் போனபிறகு வருகிற வெள்ளை அது. எதற்காக அதை வாங்குகிறோமோ அதில் பெரும்பங்கு மில்லிலேயே தங்கிவிட்டது. விலை மட்டும் பொன்னி அரிசியைத் தாண்டிவிட்டது. புவிசார் குறியீடு 2020இல் கிடைத்த எங்கள் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் இந்த விஷயத்தில் யோக்கியமான பண்டம்: கடலையும் வெல்லமும், உள்ளே என்னவோ அதுதான் வெளியிலும். மஞ்சப்பையும் யோக்கியமானதுதான். 2019 ஜனவரியில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை வந்தது, 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கம் வந்தது. கல்யாண வீட்டில் தாம்பூலம் போட்டுக் கொடுத்த பையை எங்கள் வீட்டில் எப்போது தூக்கி எறிந்தோம், மீண்டும் எடுப்பதற்கு! அது கிழிந்தால் கரித்துணி ஆகும், அவ்வளவுதான் அதற்கு ஓய்வு.

இந்தப் பேச்சுகளில் விடுபடுகிற ஒரு விஷயத்தைப் போன கார்த்திகையில் மார்க்கெட் வாசலில் கேட்டேன். சாக்கை விரித்து அதலைக்காயை உழக்குக் கணக்கில் அளந்துகொண்டிருந்தார் ஒரு வயசாளி அம்மா. ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒரு தம்பி கேட்டார்:

“யம்மா, காம்பு கிள்ளித் தர்றீகளா? பத்து ரூவா சேத்து வாங்கிக்கோங்க.”

“ஏன்யா, ஒங்களுக்குக் கை இல்லியா?”

“நான் வேலைக்குப் போகணும்லம்மா.”

“வீட்டுல?”

“அவளும் வேலைக்குத்தான் போறா.”

“அப்பம் ராத்திரி ரெண்டு பேரும் ஒக்காந்து கிள்ளுங்க. டிவி பாத்துக்கிட்டே கிள்ளலாம், கை நோவாது.”

தம்பி சிரித்துக்கொண்டே இரண்டு உழக்கு வாங்கிப் போனார். கிள்ளினாரா, போய் மனைவி கையில் கொடுத்தாரா, தெரியாது. கம்பும் கீரையும் வீட்டுக்குத் திரும்ப வேண்டுமென்றால் அந்த உலக்கைக்கும் ஆய்தலுக்கும் அலசலுக்கும் யாராவது நேரம் தரவேண்டும். மிக்சியும் மாவு மில்லும் பாதியைச் செய்துவிடும். மீதிப் பாதிக்கு ஆண்பிள்ளைகள் உட்காராமல் ‘பாரம்பரிய உணவு’ என்று பேசினால், போன நுகத்தடியைப் பாலீஷ் போட்டுப் பெண்ணின் கழுத்தில் திரும்ப மாட்டுகிற வேலை அது.

சரி, ஆண்கள் உட்கார்ந்தார்கள் என்றே வைப்போம். கம்புக்கு எங்கே போவது? ஊரில் அண்ணன் பிஞ்சையில் ஒரு யோசனை சொன்னேன். மக்காச்சோளம் போடட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. ஓரத்தில் வீட்டுத் தேவைக்கென்று கொஞ்சம் கம்பு, அதற்குள் தட்டாம்பயறு, அந்தப் பட்டிக்கு மட்டும் மருந்து வேண்டாம், கீரையும் தானாக வரும். அண்ணன் பதில் சொல்வதற்குள் மதினி சொன்னார்: “தம்பி, ரெண்டு வருசத்துக்கு முந்தியே போட்டுப் பாத்தாச்சு. சுத்திலும் மக்காச்சோளம், நடுவுல நம்ம கம்பு மட்டும் நிக்கி. காட்டுல இருக்க அம்புட்டுக் குருவியும் மயிலும் நம்ம கதிருலதான் வந்து உக்காந்துச்சு. தகரத்தத் தட்டித் தட்டிக் கைதான் ஓஞ்சது. ஒரு மரக்கா தேறல.”

எந்தப் பத்திரிகைப் பக்கத்திலும் நான் படித்திராத விவரம் இது. ஊரெல்லாம் கம்பு விதைத்த காலத்தில் குருவிகள் நூறு பிஞ்சையில் பிரிந்து மேயும். ஒவ்வொருவருக்கும் நஷ்டம் கைப்பிடிதான். ஒருவர் மட்டும் விதைத்தால் மொத்தப் பறவைக்கும் அவரே படியளக்க வேண்டும். குருமலைப் பக்கமென்றால் மானும் சேர்ந்துகொள்ளும். ஆக, ஒரு வீடு தனியாக நல்ல சாப்பாட்டுக்குத் திரும்புவது இந்த மண்ணில் நடக்கிற காரியமாகத் தெரியவில்லை. நாலு பிஞ்சையாவது பக்கம் பக்கமாகச் சேர்ந்து விதைக்க வேண்டும். கருது வாங்குகிற நேரத்தில் காவலுக்கு முறை வைத்துக்கொள்ளலாம், காற்றில் வருகிற மருந்தும் நடுவில் இருக்கிற பட்டியில் விழாது.

அண்ணன் கீகாட்டுக்காரரிடமும் ஓடையோரத்துப் பிஞ்சைக்காரரிடமும் கேட்டிருக்கிறார். ஒருவர் அரைமனதாகச் சரி என்றிருக்கிறார். மற்றவருக்கு ஆசைதான், ஆனால் விதையும் உரமும் மருந்தும் கடனுக்கு வாங்கிய கடையில் பாக்கி நிற்கிறது. அந்தக் கடைக்காரரே கமிஷனுக்கு மக்காச்சோளம் பிடிக்கிறவர். பாக்கி அடைகிற வரைக்கும் என்ன விதைப்பது என்று அவர் கேட்டுத்தான் விதைக்க வேண்டும். இந்தத் தையில் விலை கூடி நின்றால் புரட்டாசிக்குள் அடைத்துவிடுவேன் என்று சொல்லியிருக்கிறார்.